வாசகர் கேள்வி பதில்: விண்ணப்பம் போட்டால் போதுமா?

கேள்வி: உக்ரைன் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விண்ணப்பம் போட்டது 2022-ல். அதில் சேர ஒரு நாடு அப்படி என்னதான் செய்யவேண்டும்?

பதில்: விண்ணப்பம் போடுவது பெரிய வேலையில்லை. ஒன்றிய ஒப்பந்தத்தின் 49-வது பிரிவு கேட்பது இரண்டுதான்: நீங்கள் ஐரோப்பிய நாடாக இருக்கவேண்டும், மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை ஆகியவற்றை மதிக்கவேண்டும். (1987-ல் மொராக்கோ விண்ணப்பித்தபோது, அது ஐரோப்பிய நாடு இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.) உண்மையான வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பம்.

1993-ல் கோபன்ஹேகனில் கூடிய தலைவர்கள் வகுத்த அளவுகோல்கள் மூன்று. முதலாவது, ஆட்சி யார் கைக்குப் போனாலும் அசையாத மக்களாட்சி அமைப்புகள், சுதந்திரமான நீதிமன்றம், சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு. இரண்டாவது, மற்ற உறுப்பு நாடுகளின் போட்டியைத் தாங்கக்கூடிய சந்தைப் பொருளாதாரம். மூன்றாவது, ஒன்றியத்தின் சட்டங்கள் மொத்தத்தையும் ஏற்று நடைமுறைப்படுத்தும் திறன். முதல் இரண்டும் பலருக்குத் தெரியும். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆளை உட்கார வைப்பது இந்த மூன்றாவதுதான்.

அந்தச் சட்டங்களை 35 அத்தியாயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். போட்டிச் சட்டம், மீன்பிடி, சுங்கம், சுற்றுச்சூழல், நீதித்துறை என்று எல்லாமே உண்டு. அத்தனையையும் விண்ணப்பித்த நாடு முதலில் தன் மொழியில் பெயர்க்கவேண்டும், பிறகு தன் சட்டத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே பொருந்தவில்லையோ அங்கே நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவரவேண்டும். உதாரணமாக மாடு வளர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிய விதிப்படி ஒவ்வொரு மாட்டின் இரண்டு காதிலும் ஒரே எண் பொறித்த வில்லை இருக்கவேண்டும், அந்த எண் நாட்டின் கணினிப் பதிவேட்டில் ஏறவேண்டும், மாடு கை மாறினால் அதுவும் பதிவாகவேண்டும். சட்டத்தை ஒரு நாளில் நிறைவேற்றிவிடலாம். மலைக்கிராமத்தில் இரண்டு மாடு வைத்திருப்பவர் வரைக்கும் அந்த வில்லை போய்ச் சேர்கிறதா, அதைச் சரிபார்க்க ஆள் இருக்கிறாரா என்பதைத்தான் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் பார்க்கும்.

இதைப் பேச்சுவார்த்தை என்கிறார்கள், ஆனால் பேரம் பேச அதிகம் இடமில்லை. விதி எப்படி இருக்கவேண்டும் என்று பேசமுடியாது, எப்போதிலிருந்து கடைப்பிடிப்பது, எதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றுதான் பேசமுடியும். 2020-க்குப் பிறகு அத்தியாயங்களை 6 தொகுதிகளாகக் கட்டியிருக்கிறார்கள். நீதித்துறை, அடிப்படை உரிமை அடங்கிய தொகுதியை முதலில் திறந்து (அதாவது பேச்சுக்கு எடுத்து), கடைசியில்தான் மூடுவார்கள் (பேசி முடிப்பார்கள்). இது நல்ல ஏற்பாடு என்பேன். நீதிமன்றம் கெட்டுப்போன நாட்டில் மற்ற சட்டங்கள் காகிதத்தில் இருந்து என்ன பயன்?

கேள்வி: சரி, எல்லாச் சட்டத்தையும் ஒழுங்காக மாற்றிவிட்டால் சேர்த்துக்கொண்டே ஆகவேண்டுமா?

பதில்: அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். பேச்சைத் தொடங்க, ஒவ்வொரு தொகுதியையும் திறக்க, மூட, கடைசியில் இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட என்று எல்லாவற்றுக்கும் இப்போதுள்ள 27 நாடுகளும் தலையாட்டவேண்டும். ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஒப்புதல் தரவேண்டும், பிறகு ஒவ்வொரு நாடும் தன் முறைப்படி உறுதிசெய்யவேண்டும். நடுவில் ஒரே ஒரு நாடு மறுத்தாலும் போதும், வண்டி நின்றுவிடும். பிரிட்டனையே பிரான்சின் அன்றைய அதிபர் டிகோல் 1963-லும் 1967-லும் தடுத்தார், அது 1973-ல்தான் உள்ளே போனது. கடல் எல்லைத் தகராறுக்காகக் குரோவேஷியாவை ஸ்லோவேனியா ஏறக்குறைய ஒரு வருடம் நிறுத்திவைத்தது.

ஆனால் வடக்கு மாசிடோனியாவுக்கு நடந்ததைப் படித்தால்தான் இந்த வீட்டோவின் கனம் புரியும். 2004-ல் விண்ணப்பித்து, 2005-லேயே வேட்பாளர் நாடு என்ற தகுதி வாங்கிவிட்டார்கள். அப்போது நாட்டின் பெயர் வெறும் மாசிடோனியா. எங்கள் வட மாநிலத்தின் பெயரும் அதுதானே, நீங்கள் எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று கிரேக்கம் மறித்தது. பல வருட இழுபறிக்குப் பிறகு 2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் ஒப்பந்தம் ஆனது. ஒரு நாடு தன் பெயரையே மாற்ற ஒப்புக்கொண்டது! செப்டம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு, ஆனால் வாக்குச்சாவடிக்கு வந்தவர்களே 37 சதவீதம் அளவுக்குத்தான். அப்படியும் 2019 ஜனவரியில் 120 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 81 வாக்குகளோடு அரசியலமைப்பைத் திருத்தினார்கள். அதற்கு முன்பே 2018-ல் தலைநகர் ஸ்கோப்யேயின் விமான நிலையத்திலிருந்து, கிரேக்கர்கள் தங்களவர் என்று சொல்லும் மாவீரர் அலெக்சாந்தரின் பெயரை எடுத்திருந்தார்கள், அவர் பெயரில் இருந்த நெடுஞ்சாலைக்கு நட்பு என்று பெயர் வைத்திருந்தார்கள், திருத்தத்துக்குப் பிறகு கார் எண் பலகையில் எம்.கே. என்று இருந்தது என்.எம்.கே. ஆனது.

இவ்வளவும் செய்த அதே 2019 அக்டோபரில், சேர்க்கும் முறையையே முதலில் திருத்தவேண்டும் என்று சொல்லி பிரான்ஸ் தடுத்துவிட்டது. அந்த முறையைத் திருத்தி முடித்தார்கள், 2020 நவம்பரில் பல்கேரியா குறுக்கே வந்தது. மாசிடோனிய மொழி பல்கேரிய மொழியின் ஒரு வழக்குதான், வரலாறும் பொதுவானது என்பது அவர்கள் வாதம். 2022 ஜூலையில் பேச்சு பெயரளவில் தொடங்கியது, ஆனால் அரசியலமைப்பில் பல்கேரியர்களையும் ஒரு சமூகமாகச் சேர்த்த பிறகுதான் மேற்கொண்டு நகரமுடியும் என்ற நிபந்தனையோடு. 2024-ல் ஆட்சி மாறியது, புதிய அரசு அந்தத் திருத்தத்துக்கு இணங்கவில்லை. கூடவே வந்த அல்பேனியாவைத் தனியாகப் பிரித்து, 2024 அக்டோபரில் அதற்கு முதல் தொகுதியைத் திறந்துவிட்டார்கள்.

நீதித்துறையைச் சீர்செய் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது, அதனால் அந்த நாட்டு மக்களுக்கே நல்லது. அண்டை நாட்டுக்காரர் தன் உள்ளூர் அரசியலுக்காக உன் மொழி உன் மொழியே இல்லை என்று சொல்வதை எந்த அத்தியாயத்தில் எழுதியிருக்கிறது? இறுதி ஒப்பந்தத்துக்கு எல்லோர் சம்மதமும் வேண்டும் என்பது சரி. நடுவில் வரும் ஒவ்வொரு சிறு படிக்கும் வீட்டோ வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பின்லாந்து மூன்றே வருடத்துக்குள் சேர்ந்துவிட்டதாமே? துருக்கி மட்டும் ஏன் இன்னும் வெளியே?

பதில்: பின்லாந்து 1992 மார்ச்சில் விண்ணப்பித்து 1995 ஜனவரி 1-ல் உறுப்பினர் ஆனது, ஸ்வீடனும் ஆஸ்திரியாவும் அதே நாளில்தான். 1994-லேயே ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருந்ததால் சந்தைச் சட்டங்களில் பெரும்பங்கை முன்பே எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் காரணம். துருக்கி 1987-ல் விண்ணப்பித்தது, பேச்சு தொடங்கியது 2005-ல். ஒன்றிய உறுப்பு நாடான சைப்ரஸின் கப்பல்களுக்குத் துறைமுகத்தைத் திறக்காததால் 2006-ல் 8 அத்தியாயங்களை முடக்கினார்கள். மொத்தத்தில் திறந்தது 16, தற்காலிகமாக மூடியது அறிவியல் ஆராய்ச்சி பற்றிய ஒன்றே ஒன்று. 2018-லிருந்து பேச்சு அப்படியே நிற்கிறது. நீதிமன்றம், பத்திரிகைச் சுதந்திரம் விஷயத்தில் துருக்கி அரசு பின்னோக்கிப் போனது உண்மை. ஆனால் ஒன்றியத்தை நம்பி மரண தண்டனையை ஒழித்து, சட்டங்களைத் திருத்தப் போராடியவர்களும் அந்த நாட்டில்தான் இருந்தார்கள், நடுத்தெருவில் நிற்பது அவர்கள்தான்.

கேள்வி: போர் நடப்பதால் உக்ரைனுக்குக் குறுக்குவழி உண்டா?

பதில்: தொடக்கம் வேகமாகத்தான் இருந்தது. படையெடுப்பு தொடங்கி நான்கு நாளில் விண்ணப்பம், 2022 ஜூனில் வேட்பாளர் தகுதி. 2023 டிசம்பரில் பேச்சைத் தொடங்க முடிவெடுத்தபோது ஹங்கேரியின் அன்றைய பிரதமர் ஓர்பான் அறையை விட்டு வெளியே போய்விட, மற்ற 26 பேரும் முடிவெடுத்தார்கள். 2024 ஜூனில் முறைப்படி பேச்சு தொடங்கியது. மற்றபடி அதே அத்தியாயங்கள்தான், அதே வீட்டோதான்.

கேள்வி: எல்லாம் முடிந்து, கடைசியில் வேண்டாம் என்று சொன்ன நாடு இருக்கிறதா?

பதில்: நார்வே, இரண்டு முறை. இரண்டு முறையும் ஒப்பந்தம் கையெழுத்தாகி, மக்களிடம் கேட்டபோது இல்லை என்றுவிட்டார்கள். தங்கள் கடலில் மீன் பிடிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க மனமில்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. 1972-ல் எதிர்த்தவர்கள் 53.5 சதவீதம், 1994-ல் 52.2 சதவீதம். அதற்கப்புறம் அவர்கள் மறுபடி விண்ணப்பிக்கவில்லை.