"எனக்கு வராது மா" என்கிறான் மகன்: வாசகர் கேள்வி பதில்

என் மகனுக்கு 27 வயது, டர்பனில் கம்ப்யூட்டர் வேலை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு எச்சில் அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்துகொண்டான். அதில் 'சிசிஆர்5 டெல்டா 32, ஒரு பிரதி' என்று வந்திருக்கிறதாம். அன்றிலிருந்து "எனக்கு எச்.ஐ.வி. வராது மா" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். இது உண்மையா? அவனிடம் எப்படிப் பேசுவது? – ஒரு தாய், சாட்ஸ்வர்த்

அம்மா, உங்கள் மகன் படித்தது பாதி சரி. சிக்கலே அந்தப் பாதியில்தான்.

சிசிஆர்5 என்பது மூன்றாவது குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு. அது உண்டாக்கும் புரதம் சில வெள்ளை அணுக்களின் மேல்தோலில் உட்கார்ந்திருக்கும். உடம்பில் எங்காவது வீக்கம், தொற்று என்றால் அங்கிருந்து வரும் ரசாயனச் சமிக்ஞையைப் பிடித்து, அணுவை அந்தப் பக்கம் ஓட வைப்பது அதன் வேலை. எச்.ஐ.வி. இந்த வேலைக்காரனைத்தான் ஏமாற்றுகிறது: முதலில் சிடி4 என்ற ஏற்பியை (அணுவின் மேலிருக்கும் பிடிமானப் புரதம்) பற்றிக்கொள்ளும், பிறகு பக்கத்தில் இருக்கும் சிசிஆர்5-ஐத் தொட்டால்தான் உள்ளே நுழைய முடியும். இதை 1996-ல் கண்டுபிடித்தார்கள். அதே வருடம், சிலருக்கு இந்த மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டிருப்பதும் (இதுதான் டெல்டா 32), அதனால் புரதம் அரைகுறையாகி அணுவின் மேற்பரப்புக்கே வராமல் போவதும் தெரிந்தது.

ஆனால் மரபணு என்றால் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. இரண்டும் கெட்டிருந்தால்தான் கதவு மூடும். உங்கள் பையனுக்கு ஒன்றுதான் கெட்டிருக்கிறது, இன்னொன்று ஒழுங்காக வேலை பார்க்கிறது, எச்.ஐ.வி.க்கு அது போதும். ஒரு பிரதி உள்ளவர்களுக்குத் தொற்று வந்தால் நோய் முற்றுவது கொஞ்சம் தாமதமாகலாம், அவ்வளவுதான் லாபம். இரண்டு பிரதியும் கெட்டவர்களுக்கே, சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறு வாசலைப் பயன்படுத்தும் வைரஸால் அபூர்வமாகத் தொற்று வந்திருக்கிறது.

அவனுக்கு இது எங்கிருந்து வந்தது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். இந்தக் குறை ஐரோப்பியர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு ஒரு பிரதியாகவும், நூறில் ஒருவருக்கு இரண்டுமாகவும் இருக்கிறது. தென்னிந்தியர்களிடம் மிக அரிது, ஆப்பிரிக்கர்களிடம் ஏறக்குறைய இல்லை. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு டர்பனுக்கு வந்து இறங்கியதில் தொடங்கி நம் குடும்பங்களுக்கு நீண்ட கதை, அதற்கு முன்பும் கதை இருந்திருக்கும், எங்கேயோ ஒரு வெள்ளைக்கார முன்னோர் ஒளிந்திருக்கலாம். ஆயாவிடம் போய்த் துருவ வேண்டாம், அடி உங்களுக்குத்தான் விழும்.

சரி, எப்படிப் பேசுவது? நம் வீடுகளில் சர்க்கரை நோயைப் பற்றிக் கல்யாணப் பந்தியிலேயே பேசுவோம், எச்.ஐ.வி. என்றால் 'அந்த நோய்' என்று குரலைத் தாழ்த்திவிடுவோம், தென்னாப்பிரிக்காவிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட மாகாணங்களில் ஒன்றான குவாசுலு-நட்டாலில் இருந்துகொண்டு! நேராகவே சொல்லுங்கள்: "உன் ரிப்போர்ட்டில் இருப்பது ஒரு பிரதி, அது பாதுகாப்பு இல்லை. ஆணுறை போடு, ரத்தப் பரிசோதனை செய்துகொள். ஆபத்து இருக்கிறது என்று நினைத்தால் தொற்றுக்கு முன்பே தினமும் எடுக்கும் மாத்திரை இருக்கிறது, அரசு கிளினிக்கில் காசில்லாமல் கேட்டு வாங்கு." திட்டாமல் ஒருமுறை சொன்னால் போதும். மீதியை அவன் வயது பார்த்துக்கொள்ளும் என்று நான் நம்புகிறேன், உங்கள் மகனை எனக்குத் தெரியாதுதான்.

பெர்லினில் ஒருவருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றி எச்.ஐ.வி.யைக் குணமாக்கினார்களே, ஏன் இங்கே எல்லோருக்கும் செய்யவில்லை? – வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அவர் பெயர் டிமோதி ரே பிரவுன். அந்தச் சிகிச்சை எச்.ஐ.வி.க்காகத் தொடங்கியதே இல்லை தம்பி, அவருக்கு ரத்தப் புற்றுநோய். 2007-ல் மஜ்ஜை மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தபோது, டெல்டா 32 இரண்டு பிரதியும் உள்ள கொடையாளரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்ற யோசனை அவருடைய மருத்துவருக்கு வந்தது. புது மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணுக்களில் சிசிஆர்5 கதவே இருக்காது அல்லவா? வைரஸ் திரும்பி வரவில்லை. ஆனால் புற்றுநோய் திரும்பியதால் மறுபடியும் மாற்றினார்கள், அவர் உயிருக்கே போராட வேண்டியிருந்தது. 2020-ல் அந்தப் புற்றுநோயே மீண்டும் வந்து இறந்தார், அப்போதும் உடம்பில் எச்.ஐ.வி. இல்லை.

மஜ்ஜை மாற்றுவதில் நோயாளி செத்துப்போகும் வாய்ப்பு சின்னதல்ல. பொருந்தும் கொடையாளர், அதிலும் இரண்டு பிரதி கெட்டவர், ஆப்பிரிக்க நோயாளிக்கோ நமக்கோ எங்கே கிடைப்பார்? மாறாக இன்று தினம் ஒரு மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைகிறது, அந்த நிலையில் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. லட்சக்கணக்கான பேர் இந்த மாத்திரையில் வேலைக்குப் போய்வருகிறார்கள், அதை விட்டுவிட்டு ஏன் கத்தி விளிம்பில் நடக்க வேண்டும்?

அந்த சிசிஆர்5 ஏற்பி இல்லாதவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்? குழந்தை பிறக்கும் முன்பே எடுத்துவிடலாமே? – வாசகி, டோங்காட்

ஹே ஜியான்குய் என்ற சீன விஞ்ஞானி அதைத்தான் செய்தார். 2018 நவம்பரில் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார், அடுத்த வருடம் மூன்று ஆண்டு சிறைத் தண்டனை வாங்கினார். கருவில் உண்டான மாற்றங்கள் டெல்டா 32 மாதிரியே இருக்கவும் இல்லை.

நன்றாக இருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றினால் இந்த ஏற்பி இல்லாதவர்களுக்கு நோய் கடுமையாக வர வாய்ப்பு அதிகம், ஏனென்றால் மூளைக்குள் புகும் வைரஸை விரட்டப் போகும் அணுக்களுக்கு வழி காட்டுவதும் இதே சிசிஆர்5தான். அந்த வைரஸைக் கொசு பரப்புகிறது, நம் நாட்டிலேயே இருக்கிறது. டோங்காட்டில் கொசு எப்படிக் கடிக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.