தோணியை எங்கே பிடித்து ஏறுவது?

கேள்வி: நாங்கள் நாலு ஆச்சிமார், சாயங்காலம் வளவில் உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சமாக வாசிப்போம். வாரப் பத்திரிகைத் தொடர்கதைதான் பழக்கம். பெரிய நாவல் என்று சொன்னார்களே என்று ‘புயலிலே ஒரு தோணி’ வாங்கினோம். ஐம்பது பக்கம் தாண்டவில்லை. இலக்கியமெல்லாம் எங்களுக்குச் சரிப்படாதா?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: சரிப்படாமல் என்ன, ஆச்சி? வரிசை மாறிப்போச்சு, அவ்வளவுதான். காரைக்குடியில் புத்தகக் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தப் புகார் புதிதில்லை. சுமத்ராத் தீவின் மெடான் நகருக்குள் ஜப்பான் படை நுழைகிற இடத்தில் அந்த நாவல் தொடங்கும். யார் எவர் என்று பிடிபடுமுன் மலாய்ச் சொல்லும் டச்சுத் தெருப்பெயரும் வந்து விழும். போதாததற்கு, பழம்பெருமையைக் கிண்டலடிக்கும் குரல் வேறு.

அதை 1972இல் வெளியிட்ட ப. சிங்காரத்துக்கு அதற்கு முன்பே இன்னொரு நாவல் உண்டு, 1959இல் வந்த ‘கடலுக்கு அப்பால்’. அங்கிருந்து தொடங்குங்கள். ஒல்லியான புத்தகம். நேதாஜி படையில் இருந்த செல்லையா, பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் முதலாளி வானாயீனா, அவர் மகள் மரகதம். பெண்ணைக் கட்டிக்கொடுப்பாரா மாட்டாரா என்று உங்கள் தொடர்கதை ருசிக்கும் தீனி இருக்கிறது. அந்த முதலாளியை வில்லன் என்று தள்ளிவிடாதீர்கள். துப்பாக்கி பிடித்தவன் இனி கடைக்கு ஆகமாட்டான் என்பது அவர் கணக்கு. தொழில் தெரிந்த வீட்டில் அதை நியாயம் என்று சொல்லவும் ஆள் இருக்கும்.

சிங்காரம் சிங்கம்புணரிக்காரர், இளவயதிலேயே அக்கரைக்கு வேலைக்குப் போனவர். அவர் கதையில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று வட்டிக்கடை ஆட்களின் பதவிப் பெயரெல்லாம் வரும்போது வெளியூர்க்காரர் அர்த்தம் தேடி முழிப்பார். உங்கள் நால்வரில் ஒருவராவது ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போன கதை கேட்டு வளர்ந்திருப்பார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவரைப் பேசவிடுங்கள். அன்றைக்கு ரெண்டு பக்கம்தான் ஓடியது என்றாலும் நஷ்டமில்லை.

பிறகு தோணியை எடுக்கலாம். அப்போதும் முதல் பக்கம் வேண்டாம். கதாநாயகன் பாண்டியன் சுமத்ராவிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் போகிற புயல் அத்தியாயத்தைத் தேடிப் பிடித்து உரக்க வாசியுங்கள். வாக்கியங்களே எழும்பி எழும்பிக் குப்புற விழும். மனசுக்குள் படித்தால் அது பாதிதான் கிடைக்கும். அதற்கப்புறம் முதல் பக்கத்துக்குத் திரும்பினால் மெடான் மிரட்டாது.

யுத்தமே வேண்டாம் என்று யாராவது முகம் சுளித்தால் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சென்னையில் குழாய் வற்றிய நாட்கள், ஜமுனா, தங்கை சாயா. கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துப் பழகியவர்களுக்கு முதல் அத்தியாயத்திலேயே ஒட்டிக்கொள்ளும். முடிவு மட்டும் சுபம் போட்டு முடியாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கடைக்கு வருமுன் ஒன்று: சிங்காரத்தின் ரெண்டு நாவலும் ஒரே புத்தகமாகவும் வந்திருக்கிறது. கையில் இருப்பதைப் புரட்டிப் பாருங்கள். ரெண்டும் இருந்தால் காசு மிச்சம்.