லாம்டா எங்கே தவறுகிறது? அடுக்குக்குறிப் பரவல் கேள்வி-பதில்

கேள்வி: உதவி மையத்துக்கு மணிக்கு 12 அழைப்புகள் வருகின்றன. அடுத்த 10 நிமிடம் ஓர் அழைப்பும் வராமலிருக்க நிகழ்தகவு என்ன? எனக்கு விடை கிட்டத்தட்ட பூஜ்யம் என்றே வருகிறது.

பதில்: அடுத்த நிகழ்வு வரும்வரை ஆகும் நேரத்தைக் கணிப்பதுதான் அடுக்குக்குறிப் பரவல். அதில் லாம்டா (ஓர் அலகு நேரத்துக்கு எத்தனை நிகழ்வு என்ற வீதம்) இருக்க வேண்டிய இடத்தில் சராசரி இடைவெளியைப் போட்டிருக்கிறீர்கள். மணிக்கு 12 என்றால் நிமிடத்துக்கு 0.2, அதுதான் லாம்டா. அதன் தலைகீழியான 5 நிமிடம், சராசரி இடைவெளி. 0.2 × 10 = 2. e என்னும் மாறிலியான 2.718-ஐ −2 அடுக்குக்கு உயர்த்தினால் 0.135, அதாவது 13.5 சதவீதம். மென்பொருளிலும் கவனம் தேவை. எக்செல்லும் ஆர் மொழியும் லாம்டாவைக் கேட்கும். பைத்தானின் நம்பை (NumPy) நூலகம் சராசரியைக் கேட்கும். மாற்றிக் கொடுத்தாலும் பிழைச்செய்தி வராது, தவறான விடைதான் வரும்.

கேள்வி: அடர்த்திச் சார்பின் மதிப்பு 3 என்று வந்தது. நிகழ்தகவு 1-ஐத் தாண்டுமா?

பதில்: தாண்டாது. 3 என்பது வளைவின் உயரம். நிகழ்தகவு என்பது வளைவின் கீழுள்ள பரப்பு. மொத்தப் பரப்பு எப்போதும் 1.

கேள்வி: 20 நிமிடமாக அழைப்பே இல்லை. இனிமேல் சீக்கிரம் வந்தாக வேண்டுமே?

பதில்: அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. 30 நிமிடம் தாண்டும் நிகழ்தகவு 0.00248, 20 நிமிடம் தாண்டுவது 0.0183. வகுத்துப் பாருங்கள்: அதே 0.135. இதைத்தான் நினைவின்மை என்கிறோம். வீதம் மாறாமல் இருக்கும்வரைதான் இது செல்லும். அயோடின்-131 அணுவுக்கு முழுக்கப் பொருந்தும்: அரை ஆயுள் சுமார் 8 நாள், ஒரு மாதம் சிதையாமல் இருந்த அணுவும் அடுத்த 8 நாளில் சிதைய பாதிக்குப் பாதி வாய்ப்புதான். தேய்ந்து பழுதாகும் பேரிங்குக்கு இதைப் போடாதீர்கள். அங்கே, வயது கூடக் கூடப் பழுது வீதம் ஏறுவதையும் காட்டக்கூடிய வெய்புல் பரவல் வேண்டும்.

கேள்வி: 10 கருவிகளை 1,000 மணி நேரம் ஓட்டினோம். 200, 450, 600, 750 மணியில் நான்கு பழுதாயின. சராசரி ஆயுள் 500 மணி என்று எழுதலாமா?

பதில்: கூடாது. இந்தப் பிழையைத்தான் அதிகம் பார்க்கிறோம், விளைவும் பெரிது. ஆயிரம் மணியும் தாக்குப்பிடித்த ஆறு கருவிகளை நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவற்றின் ஆயுள் எவ்வளவு என்று தெரியாவிட்டாலும், பழுதில்லாமல் ஓடிய நேரம் தெரியுமே. பழுதானவை ஓடியது 2,000 மணி, மற்றவை 6,000, மொத்தம் 8,000. இதைப் பழுதுகளின் எண்ணிக்கையான 4-ஆல் வகுத்தால் 2,000 மணி. நான்கு மடங்கு வித்தியாசம்! ஆனால் நான்கே பழுதுகளை வைத்து 2,000-ஐ உறுதியாகச் சொல்ல முடியாது. கைவர்க்கப் (chi-square) பரவலின்படி 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மைச் சராசரி இருக்கக்கூடிய எல்லை) ஏறக்குறைய 780 முதல் 7,340 மணி வரை நீள்கிறது. அறிக்கையில் அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: என் தரவு அடுக்குக்குறிப் பரவல்தானா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: முதலில் சராசரியும் திட்டவிலக்கமும் நெருங்கி இருக்கின்றனவா பாருங்கள், இந்தப் பரவலில் இரண்டும் சமம். இடைநிலை அளவு சராசரியில் 69 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். பிறகு, ஒவ்வொரு நேரத்தையும் தாண்டியவற்றின் விகிதத்துக்கு மடக்கை எடுத்து வரையுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தால் சரி; கீழ்நோக்கி வளைந்தால் தேய்மானம். தரவு பரவலிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளக்கும் கோல்மகோரோவ்–ஸ்மிர்னோவ் சோதனை செய்வதானால், சராசரியை அதே தரவிலிருந்து எடுத்திருக்கும்போது வழக்கமான அட்டவணை பொருந்தாது. அதற்கென்றே அட்டவணையை மாற்றித் தரும் லில்லிஃபோர்ஸ் திருத்தத்தைப் பயன்படுத்துங்கள்.