என்னை எங்க, தம்பி?

அன்புள்ள அண்ணா,

நான் வவுனியாவைச் சேர்ந்தவள். வேலை மாற்றலாகி முல்லைத்தீவுக்கு வந்து எட்டு மாதமாகிறது. செல்வபுரத்தில் ஒரு அறை. கந்தோர் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போவேன். கையில் போனும் பழைய கமரா ஒன்றும் இருக்கும். இஸ்தான்புல், வெனிஸ் என்று தண்ணீரோரத்து நகரங்களின் தெருப் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது. ஆனால் இங்கே தெரு என்று எதைச் சொல்வது? பொழுது பட்டால் றோட்டில் நாயும் மாடும்தான். போன கிழமை கரையில் கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவரை எடுத்தேன். "எங்களப் படமெடுத்து எங்க பிள்ளை விக்கப் போறியள்?" என்று கேட்டார். அன்றோடு கமராவைத் தொடவில்லை. கேட்டுவிட்டு எடுத்தால் ஆள் விறைத்துப் போகிறார். கேட்காமல் எடுத்தால் ஏச்சு. நான் என்னதான் செய்வது?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சி,

அந்த ஐயா உங்களை ஏசவில்லை. கேள்விதான் கேட்டிருக்கிறார், அதுவும் சரியான கேள்வி. பதில் சொல்லாமல் நீங்கள் சைக்கிளில் ஏறியதுதான் பிழை.

முல்லைத்தீவுக் கரைக்குக் கமரா புதிதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிறைய வந்தது. 2009இல் போர் முடிந்த பிறகு இன்னும் கூட வந்தது. வள்ளம் கொடுத்தால் ஒரு படம், வலை கொடுத்தால் ஒரு படம், கோழிக்குஞ்சு கொடுத்தாலும் பின்னால் பதாகையோடு ஒரு படம். அதெல்லாம் எந்தெந்த அறிக்கைகளிலோ போய்ச் சேர்ந்தது. நின்றவர் வீட்டுக்குப் படம் வந்து நான் கண்டதில்லை.

ஆள் விறைத்துப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நானும் வெகுகாலம் வெட்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் சிலாவத்தையில் வேலியோரமாக ஒரு அண்ணர் வலையை உதறிக்கொண்டு யாரோடோ பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். "அண்ணை, ஒரு படம் எடுக்கட்டோ?" என்றேன். சிரிப்பு நின்றது. மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டார். வலையை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, என் தலைக்கு மேலே எதையோ பார்த்தபடி நின்றார். நிவாரணம் வாங்கியவர் நிற்கிற நிலை அது. பழக்கிவிட்டிருக்கிறார்கள்.

அப்படி நின்றால் கமராவை இறக்காதீர்கள். அந்தப் படத்தையும் எடுங்கள், அவருக்கே காட்டுங்கள், இரண்டு கதை கதையுங்கள். அவர் வலையை மடிக்கக் குனியும்போது உங்களுடைய படம் வரும்.

இனி, எனக்கு விழுந்த அடியைச் சொல்கிறேன்.

வட்டுவாகல் பாலத்தடி, பின்னேரம். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் இறால் போடுகிற பறி. நந்திக்கடல் களப்புக்கு மேலே சூரியன் இறங்க இறங்கத் தண்ணீர் முழுக்கச் செப்புத் தகடாகிவிட்டது. அவரைப் படத்தின் இடது மூலையில் சின்னதாக, கறுப்பாக வைத்தேன். மிச்சம் எல்லாம் வெளிச்சம். எடுத்த பிறகு அவரிடம் சொன்னேன், "கழுவித் தருவியோ?" என்று கேட்டார். எனக்கு அந்தப் படத்தில் அவ்வளவு பெருமை. அச்சுப் போட்டு அடுத்த கிழமையே கொண்டுபோனேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். கிட்டப் பிடித்துப் பார்த்தார், எட்டப் பிடித்துப் பார்த்தார், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"என்னை எங்க, தம்பி?"

விரலால் தொட்டுக் காட்டினேன்.

"இது காகமெண்டெல்லோ நினைச்சன். தண்ணியத்தானே எடுத்து வச்சிருக்கிறாய். உந்தத் தண்ணி எனக்கென்னத்துக்கு, ஒவ்வொரு நாளும் உதுக்கதானே நிக்கிறன்."

முகத்தை மட்டும் வெட்டிப் பெருப்பித்துத் தர ஏலாதோ என்று கேட்டார். முயன்று பார்த்தேன். 12 மெகாபிக்சல் படம் என்றால் குறுக்கே 4000, நெடுக்கே 3000 பிக்சல். நாலுக்கு ஆறு அங்குல அச்சு நன்றாக வர 1200க்கு 1800 வேண்டும். 600க்கு 900 இருந்தாலும் ஸ்ரூடியோக்காரர் ஒருமாதிரிச் சமாளித்துவிடுவார். என் படத்தில் அந்த அம்மாவின் முழு உயரமே 400 பிக்சல் இல்லை. முகம் என்று கிடைத்தது நாலைந்து கறுப்புச் சதுரம்.

அவர் வீட்டில் அவருடைய படம் ஒன்றும் கிடையாது. கலியாண அல்பம் கடலோடு போனது. பிறகு எடுத்தவை 2009இல் எந்தப் பதுங்குகுழியில் விடுபட்டனவோ. மிஞ்சியது அடையாள அட்டையில் உள்ளது மட்டும். வன்னியில் எத்தனையோ வீட்டில் இதே கதையைக் கேட்கலாம்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்களே, அந்தக் கொட்டிலுக்குப் பிறகொரு நாள் போயிருந்தேன். கமராவை வெளியே எடுக்கவில்லை. தாய்மார் மடியில் வைத்திருந்த படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெடியனின் தோளில் வேறு யாருடையதோ கை இருந்தது, மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு. இன்னொன்றின் ஓரத்தில் ஒரு கூறைச்சேலைக் கரை. கூட்டமாக எடுத்த படத்திலிருந்து, கலியாணப் படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்தவை. எடுத்தவர் இதற்காகவா எடுத்திருப்பார்?

அதற்குப் பிறகு என் கை மாறிவிட்டது. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு வானம் என்று பார்த்தாலும், ஆள் வெட்டி எடுக்கக்கூடிய அளவில் இருக்கிறாரா என்று ஒருமுறை பார்க்காமல் விசையை அமத்துவதில்லை. எப்படியும் இரண்டு எட்டுக் கிட்டப் போக வேண்டிவரும். கிட்டப் போனால் கதைக்க வேண்டிவரும். கேட்டு எடுப்பதா கேளாமல் எடுப்பதா என்ற உங்கள் கேள்வி அந்த இடத்தில் பாதி கரைந்துவிடுகிறது. (படத்தை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் சுருங்கிவிடும். டொக்கியுமென்டாக அனுப்புங்கள்.)

சரி, தெருவுக்கு வருவோம். இஸ்தான்புல்லை உலகம் கறுப்பு வெள்ளையில் நினைவு வைத்திருக்க அந்த ஊர்ப் படப்பிடிப்பாளர் ஆரா கூலர் (1928–2018) ஒரு பெரிய காரணம். 1950களில் அந்த நகரத்துக் கும்காப்பிக் கரை மீனவர்களை அவர் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். வள்ளம், வலை, கயிறு, வேலை செய்து களைத்த ஆட்கள். நகரத்தின் பெயரை மறைத்துவிட்டால் எங்கள் முல்லைத்தீவுக் கள்ளப்பாடு என்றே சொல்லலாம். அவரும் தன்னைக் கலைஞர் என்று சொல்ல ஒப்பவில்லை, செய்திப் படக்காரன் என்றே சொல்லிக்கொண்டார்.

உங்களுக்குத் தெருவில் குறை இல்லை, நேரத்தில்தான் குறை. முல்லைத்தீவு நகரம் கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவே கிடக்கிறது. விடிய வெளிச்சம் கடலால் வரும், பின்னேரம் களப்பால் போகும். நீங்கள் கந்தோர் விட்டுக் கடற்கரைக்குப் போனால் அங்கே வெளிச்சமும் இருக்காது, ஆளும் இருக்காது. பின்னேரம் வட்டுவாகல் பக்கம் மிதியுங்கள். கடற்கரைக்கு விடிய ஆறு மணிக்குப் போங்கள். கரைவலை இழுக்கிற காலமென்றால் ஈர மணலில் கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். இழுக்கிறவர்களின் முகம் முழுக்க வெயில் விழும். அலை வந்து உங்கள் காலை நனைக்கும், தோல் செருப்பு வேண்டாம். ஏழு மணிக்குப் பிறகு பஸ் நிலையத்தடி: சைக்கிள் பாரில் தம்பியும் கரியரில் தங்கச்சியுமாக வருகிற அப்பா, மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள், பழைய மெட்டைப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஓட்டோ. இதற்கு மேல் தெரு என்று என்ன வேண்டும்?

நண்பகல் வெயில் முகத்துக்கு உதவாது. ஆனால் சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி ஓரிரு நாள் பன்னிரண்டு தாண்டியதும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், ஆளின் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும், சைக்கிளின் நிழல் ஒற்றைக் கோடு. ஓகஸ்ட் கடைசியில் இன்னொருமுறை அப்படி வரும். உப்புநீரில் விளக்கெரியும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலையும் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் கமராவை ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். கூச்சம் தெளிய நல்ல இடம். படத்துக்கு அவ்வளவு நல்ல இடமில்லை என்பது என் அபிப்பிராயம்.

சைக்கிளை விடாதீர்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில் பற்றரி வராமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து டைனமோவில் றேடியோ கேட்டோம். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோதும் கைகொடுத்தது அதுதான். சைக்கிளில் வருகிறவரை இங்கே வெளியாளாகப் பார்ப்பதில்லை. வான் வண்டியில் வந்து இறங்குகிறவரைத்தான் அப்படிப் பார்ப்பார்கள். கமராவைக் கூடையில் போடாதீர்கள், கிரவல் றோட்டில் குலுங்கிக் குலுங்கி லென்ஸ் கழன்றுவிடும். வார் குறுக்கே, கமரா கக்கத்தில். மிதித்துக்கொண்டே எடுக்க வேண்டாம், ஒரு காலை ஊன்றிவிட்டு எடுங்கள். முழுச் சட்டகக் கமராவில் 35 மில்லிமீற்றர் லென்ஸின் துளையை எஃப் 8இல் வைத்து, குவியத்தைக் கையால் மூன்று மீற்றரில் நிறுத்திவிட்டால் ஏறத்தாழ இரண்டு மீற்றரிலிருந்து ஏழு மீற்றர் வரை தெளிவாக விழும், திருகிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று நாட்களில் போகும்போது எதிர்க்காற்றில் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது தள்ளிவிடும். லென்ஸில் உப்பும் மணலும் படிந்தால் முதலில் ஊதுங்கள். எடுத்தவுடன் சட்டையால் தேய்த்து நான் ஒரு லென்ஸைக் கெடுத்தேன்.

இராணுவ முகாம் வேலிப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். என்னை ஒருமுறை மறித்து அன்று எடுத்த அத்தனையையும் அழிக்க வைத்தார்கள். அதில் முகாமும் இல்லை, வேலியும் இல்லை, ஒரு ஆட்டுக்குட்டிதான் நின்றது. கிணற்றடியும் செத்த வீடும் எடுக்கிற இடமில்லை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் பெண் என்பதால் எனக்குத் திறக்காத முற்றங்கள் உங்களுக்குத் திறக்கும். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ பிள்ளை" என்று கேட்டால் மறுக்காதீர்கள்.

அந்த ஐயாவின் படம் இன்னும் உங்களிடம் இருக்கும்தானே? நாலுக்கு ஆறில் ஒன்று அச்சுப் போட்டுக்கொண்டு போங்கள். "விக்கேல்லை ஐயா, உங்களுக்குத்தான்" என்று கொடுங்கள். போகமுதல் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வட்டுவாகல் அம்மாவைத் திரும்ப எடுத்தேன். காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார். பெட்டியிலிருந்து நீலச் சேலை எடுத்துக் கட்டி, பவுடர் பூசி, வேலியடியில் கதிரை போட்டுத் தயாராக இருந்தார். பூவரசு இலைகளுக்குள்ளால் வெயில் வடிந்து முகத்தில் விழுந்தது. இந்தமுறை முகம் நிறைய இருந்தது. பெருப்பித்துச் சட்டம் போடுவதற்காக அவர் மகள் அதை ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்தாராம். இரண்டு மாதம் கழித்துப் போனேன். சுவரில், மணிக்கூட்டுக்குக் கீழே தொங்குகிறது. பூவரசைக் காணவில்லை, வேலியையும் காணவில்லை. ஸ்ரூடியோக்காரர் பின்னால் ஒரு பனிமலையை வைத்து, அதன் அடிவாரத்தில் மஞ்சள் பூவும் போட்டிருந்தார்.

"இதெல்லோ படம்" என்றார் அம்மா.