கடலும் காற்றும்: வாசகர் கேள்வி – பதில்

“தாழமுக்கம் வலுவிழந்துவிட்டது” என்று வானொலியில் சொன்ன பிறகுதான் எங்கள் பக்கம் குளங்கள் வான் பாய்ந்தன. வலுவிழந்தால் மழையும் குறைய வேண்டாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

குறைய வேண்டியதில்லை. தாழமுக்கம், சூறாவளி என்ற படிகள் எல்லாம் காற்றின் வேகத்தை மட்டும் வைத்துப் பிரிக்கப்பட்டவை. வங்காள விரிகுடாவுக்கான அளவுகோலில் சுழல்காற்று 17 நொட்டுக்குக் கீழே இருந்தால் அது தாழமுக்கப் பகுதி. 17 முதல் 27 வரை தாழமுக்கம், 28 முதல் 33 வரை ஆழ்ந்த தாழமுக்கம். 34 நொட்டைத் தொட்டால் சூறாவளி. அப்போதுதான் அதற்குப் பெயரும் வைப்பார்கள். ஒரு நொட் மணிக்கு 1.85 கிலோமீற்றர் என்பதால் 34 நொட் ஏறத்தாழ 63 கிலோமீற்றர். இந்தக் கணக்கில் மழைக்கு இடமே இல்லை.

மழையைத் தீர்மானிப்பவை காற்றிலுள்ள ஈரமும், அந்தத் தொகுதி எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதும்தான். 2020 டிசம்பர் 2 இரவு ‘புரெவி’ திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே சூறாவளியாகக் கரை கடந்தது. பின்பு மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து, நகராமல் நின்றது. அப்படி நின்றபோதுதான் தமிழ்நாட்டின் கடலூர், டெல்டாப் பக்கங்களில் பெருவெள்ளம் வந்தது.

குளத்தைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர். 100 மில்லிமீற்றர் பெய்தால் ஓர் ஏக்கரில் மட்டும் சுமார் 4 லட்சம் லீற்றர் விழுகிறது. ஒக்டோபர் தொடக்கத்தில் வறண்ட மண் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். நவம்பர் கடைசியில் மண் ஊறி நிறைந்திருக்கும்போது அதே 100 மில்லிமீற்றரில் பெரும்பகுதி குளத்துக்கே ஓடிவரும். ஆகவே பெரும்போகத்தின் நடுவில் அறிவிப்பைக் கேட்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது எதிர்பார்க்கப்படும் மழையளவையும், கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு பெய்தது என்பதையும்.

என் போனில் அமுக்கம் 999 என்று காட்டுகிறது. செய்தியில் 1010 என்கிறார்கள். காலையில் இருந்ததைவிட மாலையில் 3 குறைந்தும் விட்டது. பயப்பட வேண்டுமா?
– வாசகி, வவுனியா

இந்த இரண்டுக்காகவும் பயப்பட வேண்டாம். ஏறக்குறைய 8, 9 மீற்றர் மேலே போனால் அமுக்கம் ஒரு மில்லிபார் (அமுக்கத்தை அளக்கும் அலகு) குறையும். வவுனியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்தில் இருப்பதால் 11, 12 குறைவாகக் காட்டுவது இயல்பு. செய்தியில் வருவது கடல் மட்டத்துக்குத் திருத்திய எண்.

மாலை இறக்கமும் அன்றாடம் நடப்பதே. நம் வெப்பவலயத்தில் அமுக்கம் காலை 10 மணியளவில் உச்சத்துக்கு ஏறி, பிற்பகல் 4 மணியளவில் தாழும். இரவு 10 மணிக்கு மறுபடி ஏறி, அதிகாலை 4 மணிக்கு இறங்கும். 3 மில்லிபார் வித்தியாசம் இதற்குள் அடங்கும். அதனால் காலையோடு மாலையை ஒப்பிடாதீர்கள். நேற்றைய 4 மணியோடு இன்றைய 4 மணியை ஒப்பிடுங்கள். அப்படிப் பார்க்கும்போதும் 3க்கு மேல் இறங்கி, காற்றும் ஏறிக்கொண்டிருந்தால் அறிவிப்புகளை விடாமல் கேளுங்கள்.

சூறாவளி எங்கே கரை கடந்தால் முல்லைத்தீவில் கடல் ஏறும்?
– வாசகர், செம்மலை

உங்களுக்குத் தெற்கே கடந்தால். நமது அரைக்கோளத்தில் சூறாவளிக் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து மேற்கே போகும் சூறாவளி முல்லைத்தீவுக்குத் தெற்கே கரை தொட்டால் உங்களுக்குக் காற்று வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வீசி, கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளும். பருத்தித்துறைப் பக்கமாகக் கடந்தால் காற்று வடமேற்கு, மேற்கு என்று திரும்பித் தண்ணீரைக் கரையிலிருந்து விலக்கும். ஆனால் அதே மேற்குக் காற்று நாச்சிக்குடா, பூநகரிப் பக்கத்தில் கடலைக் கரைக்கு ஏற்றும். பாக்குநீரிணை ஆழமற்றது, தள்ளப்படும் நீர் கீழாகத் திரும்பி ஓட வழியில்லாமல் மேலே குவியும். 1964 டிசம்பர் 22–23இல் தனுஷ்கோடியை அழித்த கடலேற்றம் இந்த ஆழமற்ற கடலில்தான் எழுந்தது.

அமுக்கக் குறைவும் கடலை உயர்த்தும்; ஆனால் மில்லிபாருக்கு ஒரு சென்றிமீற்றர் வீதம்தான். பெரிய பங்கு காற்றினுடையது.

மையம் எந்தத் திசையில் என்று அறிய, வெட்டவெளியில் காற்றுக்கு முதுகு காட்டி நின்று இடது கையை நீட்டுங்கள். மையம் ஏறத்தாழ அந்தப் பக்கம், சற்று முன்னே இருக்கும். வீடுகளுக்கும் பனைகளுக்கும் நடுவே இது பிழையாகிவிடும்.

“அலை உயரம் 2 முதல் 2.5 மீற்றர்” என்றால் அதற்கு மேல் வராதா?
– வாசகர், கொக்கிளாய்

வரும். அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. இடையே தனி அலை ஒன்று ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் எழலாம். 2 மீற்றர் அலை சுமார் 2.5 மீற்றர் ஆழத்துக்கு வந்ததும் உடையும். அப்படி மணல்திட்டுள்ள முகத்துவாரத்தில்தான் படகுகள் கவிழ்கின்றன.

நந்திக்கடல் பெருகும்போது வட்டுவாகலில் முகத்துவாரத்தை வெட்டினாலும் சில வேளை மறுநாளே மூடிவிடுகிறதே, ஏன்?
– வாசகர், முள்ளிவாய்க்கால்

வெட்டிய நேரம் பிழையாக இருந்திருக்கும். களப்பின் மட்டம் கடலைவிட உயர்ந்திருந்தால்தான் ஓட்டம் வேகம் பிடித்து மணலை அரித்துக்கொண்டு போகும். இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வித்தியாசம் வராது. கரை நோக்கிய வாடைக்காற்று கடலை 20 சென்றிமீற்றர் உயர்த்தினாலே அந்த வேகம் போய்விடும். அலை மணலைத் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடும்.

உரிய திணைக்களங்களின் அனுமதி கிடைத்ததும், காற்றுத் தணிந்த நாளில், பெருக்கு முடிந்து வற்றத் தொடங்கும்போது திறக்க வேண்டும்; அப்போது ஏறத்தாழ 6 மணிநேர ஓட்டம் கிடைக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்று கூடுதல். அகலமாக மேலோட்டமாக வெட்டுவதைவிட ஒடுக்கமாக ஆழமாக வெட்டுவதே நல்லது; கரைகளை நீரே அரித்து அகலமாக்கிக்கொள்ளும். கடல்பக்கமிருந்து தோண்டி வந்து, களப்புப் பக்கத் தடுப்பைக் கடைசியில் எடுக்க வேண்டும். தோண்டிய மணலை ஓரத்திலேயே குவித்தால் அது மறுபடி வாய்க்காலுக்குள் சரியும், தள்ளிக் கொட்டுங்கள். வெள்ளம் வர முன்பே அவசரப்பட்டுத் திறந்தால் வளராத இறால் கடலுக்குப் போய்விடும், உப்புநீரும் களப்புக்குள் ஏறும்.