ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கணும் என்கிற மகளுக்கு எந்தப் பாதை?

மும்பை தாராவியில் இருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், "படிப்பு முடிஞ்சதும் மேல்படிப்பு வேண்டாம், இங்கேயே கிளினிக் போடறேன்" என்கிறாள். ஆசை அருமையானது, அதை அணைத்துவிடாதீர்கள். இடிப்பது "மேல்படிப்பு வேண்டாம்" என்பதுதான். குடிசைப் பகுதியில் ஒரே வீட்டில் பாட்டிக்குச் சர்க்கரை, மகனுக்குக் காசநோய், மருமகள் கர்ப்பிணி. சந்தேகம் வந்தால் கேட்க ஒரு சீனியர்கூட இல்லாமல் தனியாக உட்கார்ந்தால் பயம் வரும், சலிப்பு வரும், விட்டுவிடத் தோன்றும். மனசு இருந்தும் கை பழகாததால் வருகிற தோல்வி இது.

குழந்தை முதல் பாட்டி வரை எல்லோரையும் முதலில் பார்க்கும் குடும்ப மருத்துவத்தில் எம்.டி. அல்லது அதற்கு இணையான டி.என்.பி. என்ற மேல்படிப்பு மூன்று வருஷம். அவளுக்கு அதுதான் பொருந்தும் என்பேன். சேவை மனம் உள்ள பிள்ளைகள் பெயரைப் பார்த்துச் சமூக மருத்துவம் எடுத்துவிடுகிறார்கள். அதில் கணக்கெடுப்பு, சுகாதாரத் திட்டங்கள், கற்பித்தல்தான் அதிகம். நோயாளியைத் தொட்டுப் பார்ப்பது குறைவு.

ஆசை நிலைக்குமா என்று இப்போதே பார்க்கலாம். சமூக மருத்துவத் துறையில் அனுமதி கேட்டு, ஒரே ஒரு காசநோயாளியை முழுச் சிகிச்சைக்கும் பின்தொடரச் சொல்லுங்கள். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. இருமல் நின்று எடை கூடியதும் பலர் "சரியாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். சிலருக்குக் குமட்டல். சிலர் மருந்தகம் திறக்கும் முன்பே கூலி வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர் வீட்டுக்கு அலைந்து, திட்டாமல் பேசி, கடைசி மாத்திரை வரை கொண்டுவந்தாள் என்றால் நீங்கள் தைரியமாக இருக்கலாம்.

அடுத்து பாண்ட், அதாவது கல்லூரியில் சேரும்போது எழுதிக்கொடுத்த ஒப்பந்தம். அரசு, மாநகராட்சிக் கல்லூரி என்றால் படிப்பு முடிந்ததும் ஓராண்டு அரசுப் பணி என்று எழுதிக்கொடுத்திருப்பீர்கள். பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். அந்தப் பணியைத் தவிர்க்கப் பார்த்து அவளை நீட் பி.ஜி. (மேல்படிப்பு நுழைவுத் தேர்வு) கோச்சிங்கில் உட்காரவைக்காதீர்கள். சம்பளத்தோடு கை பழகும் வருஷம் அது. போஸ்டிங் வந்ததும் மூன்று விஷயம் விசாரியுங்கள்: தங்க குவார்ட்டர்ஸ் உண்டா, ராத்திரிப் பிரசவத்துக்குக் கூட யார் நிற்பார், சிக்கலான கேஸை எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில் அனுப்புவது.

மராத்தியையும் இப்போதே சரளமாக்கிக்கொள்ளட்டும். எத்தனை நாளாக இருமல், சளியில் ரத்தம் வருகிறதா என்று அவளே நேராகக் கேட்கணும். மகாராஷ்டிராவின் பழங்குடி மாவட்டங்களான கட்சிரோலியிலோ நந்துர்பாரிலோ போஸ்டிங் விழுந்தால் மும்பை இந்தி போதாது.