பழைய கடைவீதியில் பூட்டிக் கிடக்கும் கடையை விற்றுவிடலாமா? அந்த வீதி இனி மீளுமா?

உங்கள் கேள்வியில் ஊர்ப் பெயரைக் குறிப்பிடவில்லை. அப்பா நடத்திய மளிகைக் கடை பூட்டிக் கிடக்கிறது, வீதியில் பாதிக் கடைகள் அடைபட்டுவிட்டன, இடத்தை விற்றுவிட்டுப் புறவழிச் சாலையில் மனை வாங்கலாமா, இந்த வீதி இனி மீளுமா என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். பங்காளிகளுக்குள் பேச்சு தொடங்கியிருக்கும். தரகர் ஒருவர் வாரம் தவறாமல் அழைத்துக்கொண்டிருப்பார். இன்னும் இரண்டு வருடம் போனால் இந்த விலையும் கிடைக்காது என்று உறவில் ஒரு பெரியவர் சொல்லியிருப்பார் என்று ஊகிக்கிறேன். இதே பேச்சு எங்கள் வீட்டிலும் நடந்தது. வழக்கமாகப் படித்துவிட்டு மட்டும் போகும் நான் பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

நான் விருதுநகரில் ஒரு கமிஷன் மண்டிக்காரரின் மகள். தாத்தா காலத்தில் தொடங்கிய மண்டி. மிளகாய் வற்றலும் மல்லியும் பயறு வகைகளும் சுற்றுப்பட்டுச் சம்சாரிகளிடமிருந்து (விவசாயிகளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்) வந்து இறங்கும்; வெளியூர் வியாபாரிகளுக்கு ஏறிப்போகும். முன்னால் கடை, பின்னால் சரக்கு வைக்கும் கிட்டங்கி, மேலே வீடு. கடைக்கு இரும்புக் கதவு கிடையாது. ஒன்று முதல் பதினொன்று வரை எண் எழுதிய பலகைகளைக் காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பார்கள், இரவில் அதே வரிசையில் பொருத்துவார்கள். வற்றல் மூட்டை பிரிக்கும் நாட்களில் மாடியில் சோறு உண்ணும் எங்களுக்கும் தும்மல் வரும்.

பெரிய ஆறோ அரசர் கட்டிய கோயிலோ இல்லாத கரிசல் பூமியில் இந்தக் கடைவீதி எப்படி வளர்ந்தது என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப் பாதை போடப்பட்டபோது, அன்று விருதுப்பட்டி என்று பெயர் கொண்டிருந்த எங்கள் ஊர் பருத்திக்கும் வற்றலுக்கும் துறைமுகத்தை நோக்கிய வழியாயிற்று. 1923இல் விருதுநகர் என்று பெயர் மாறியது. இன்றும் செய்தித்தாள்களில் விருதுநகர் சந்தை நிலவரம் என்று எண்ணெய் டின்னுக்கும் பருப்பு மூட்டைக்கும் விலை வருகிறதே, அந்த விலைகள் எங்கள் வீதி போன்ற சில வீதிகளில் பேசி முடிவானவை.

ஆனால் வியாபாரம் இருந்ததால் மட்டும் அது வீதியாக நிற்கவில்லை. எங்கள் கணக்குப் பேரேட்டில் மகமைக்கென்று தனிப் பக்கம் இருந்தது. வந்த மூட்டைக்கும் போன மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைப்பார்கள். அது கடைக்காரரின் பணம் அன்று, பொதுப் பணம். கோயிலும் பள்ளிக்கூடமும் அந்தப் பணத்தில் நடந்தன. வீடுவீடாகத் திரட்டிய பிடி அரிசியும் பள்ளிக்குச் சேர்ந்தது. அந்தச் சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராசர் படித்தார்; படிப்பை நிறுத்திய பிறகு வந்து நின்றதும் இதே ஊரில் மாமாவின் துணிக்கடையில்தான். 1956இல் தமிழ்நாடு என்று பெயர் சூட்டக் கோரிச் சங்கரலிங்கனார் 76 நாட்கள் உண்ணாநோன்பு இருந்தபோது, கடைவீதியை ஒட்டிய தேசபந்து மைதானமே அவர் படுத்திருந்த இடம். சரக்கு எடுக்க வந்தவர்கள் அவரைப் பார்க்காமல் போயிருக்க முடியாது என்று அப்பா சொல்வார்.

இதைப் படித்துவிட்டுச் சாதிப் பெருமை பேசுகிறாள் என்று யாரேனும் எழுதக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மகமை நாடார் சமூகத்துக்குள் இருந்த ஏற்பாடு. கோயிலில் நுழையவும் பொதுவில் சமமாக நிற்கவும் மறுக்கப்பட்டவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள அமைத்துக்கொண்டது அது. மூட்டை சுமந்தவர்களுக்கும் சம்சாரிகளுக்கும் அந்தப் பணத்தைச் செலவிடுவதில் பேச்சுரிமை இருந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. வீதிக்கு ஒரு பொதுப் பை இருந்தது என்ற ஒன்றைத்தான் இங்கே முக்கியமாகக் கருதுகிறேன்.

இனி வீழ்ச்சிக்கு வருகிறேன். நான்கு வழிச் சாலை ஊருக்கு வெளியே போனது, கைப்பேசி வந்தபின் வாங்குபவரும் விற்பவரும் நேராகப் பேசிக்கொண்டார்கள், பர்மாத் துவரையும் ஆப்பிரிக்கத் துவரையும் துறைமுகத்திலிருந்து கடைவீதிக்கு வராமலே ஆலைக்குப் போயின, 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பும் 2017 ஜூலையில் ஜிஎஸ்டியும் அடுத்தடுத்து வந்தன என்று எல்லோரும் சொல்லும் காரணங்கள் அனைத்தும் உண்மை. ஆனால் எங்கள் தெரு அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே காலியாகத் தொடங்கிவிட்டது. 1980களில் வசதி வந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் புதுக் குடியிருப்புகளுக்குப் போயின. கார் நிறுத்த இடம் வேண்டும், பிள்ளைகளுக்கு வற்றல் நெடி ஆகவில்லை என்று காரணம் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாடி வீடுகள் சாக்கு அடுக்கும் இடங்களாயின. முன்பு இரவு பத்து மணிக்குச் சாத்திய கடைகளை, வீடு தூரமாகிவிட்டதால் ஏழு மணிக்கே சாத்தினார்கள். ஏழு மணிக்கு இருண்டுபோகும் தெருவுக்கு ஒரு பெண் எப்படித் தனியாக வருவாள்?

பெண்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நான் சிறுமியாக இருந்த காலத்திலிருந்து எங்கள் தெருவில் ஒரு பெண் அவசரத்துக்கு ஒதுங்க இடம் கிடையாது. கடைக்காரர் வீட்டுப் பெண்களுக்கு மாடி இருந்தது. கிராமத்திலிருந்து மஞ்சள் பையோடு வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று எந்த அண்ணாச்சியும் நினைத்துப் பார்க்கவில்லை. பெரிய துணிக்கடைகளும் பல்பொருள் அங்காடிகளும் வந்தபோது குடும்பம் குடும்பமாக அங்கே போனதற்குக் குளிர்சாதனத்தைக் காரணம் சொல்கிறார்கள். அங்கே கழிப்பறை இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

அடுத்தது எங்கள் வீட்டில் நடந்தது. 1998இல் அப்பா பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்தார். தாத்தா வழிச் சொத்து. பெண்களுக்குச் சமபங்கு தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் மணமான பெண்களை அது சேர்க்கவில்லை. எனக்கு 1986இல் திருமணம் நடந்திருந்தது. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது எனக்கும் உரிமை வந்திருக்க வேண்டும். ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை. இரண்டு சட்டங்களுக்கும் இடையில் நான் விழுந்துவிட்டேன். பணத்துக்காக இதைச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு விடுமுறையில் அன்றாட வரவு செலவு எழுதும் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் பிழையில்லாமல் பதிந்தவள் நான். கணக்கப்பிள்ளையே அப்பாவிடம் என்னைப் பாராட்டினார். ஆயினும் கல்லாப்பெட்டிக்கு முன்னால் ஒரு நாள்கூட என்னை உட்கார விட்டதில்லை.

அந்தப் பத்திரம் கட்டடத்துக்கும் கேடு செய்தது. 14 அடி முகப்புக் கடையை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து நடுவில் செங்கல் சுவர் எழுப்பினார்கள். மாடிப்படி அண்ணன் பங்கில் போய்விட்டது; தம்பியின் பங்கில் இருந்த மாடிக்கு ஏற வழியில்லை. ஏழடி அகலத்தில் மூட்டையும் இறக்க முடியாது, தராசும் வைக்க முடியாது. முதலில் தம்பி 2004இல் மூடினான். அண்ணன் 2011 வரை தாக்குப்பிடித்தார். எங்கள் வரிசையில் இப்படி நடுச்சுவர் எழுந்த கடைகள் மூன்று. உங்கள் வீதியிலும் நடந்து பாருங்கள். முகப்பு குறுகலாக இருந்து, மாடிச் சன்னல் சாத்திக் கிடந்தால், உள்ளே பெரும்பாலும் ஒரு பாகப்பிரிவினை இருக்கும். பழைய வாடகைச் சட்டத்தின் கீழ் அற்ப வாடகைக்குப் போன கடைகளும் அப்படித்தான். ஓடு உடைந்தால் உடையவரும் மாற்றவில்லை, குடியிருந்தவரும் மாற்றவில்லை.

2019இல் நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். அடுத்த ஆண்டு ஊரடங்கில் அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்து சேர்ந்தான். கட்டடத்தை இடித்து விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தபோது, எனக்குப் பங்கு வேண்டாம், ஐந்து வருடம் இடிக்காமல் என்னிடம் விடுங்கள் என்று கேட்டேன். தம்பி முதலில் மறுத்தான்; அவன் மனைவி பேசிச் சம்மதிக்க வைத்தாள். நடுச்சுவரில் ஒரு வாசல் உடைத்தோம். கூரையையும் மின்கம்பிகளையும் மாற்றினோம். கடையின் முன்பகுதியில், தெருவுக்கு வரும் எந்தப் பெண்ணும் கேட்காமல் பயன்படுத்தும்படி ஒரு கழிப்பறை கட்டினோம். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 9 லட்சம் ரூபாய் ஆயிற்று. மதுரையில் இருந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நானும் என் கணவரும் 2021இல் மாடிக்குக் குடிவந்தோம்.

அண்ணன் மகன் கீழே பருப்பும் வற்றலும் மல்லியும் சில்லறையில் விற்கிறான். முதலில் அரைக் கிலோ, ஒரு கிலோ பொட்டலங்களில் பெயர் அச்சிட்டு அடுக்கினான். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை முன்கூட்டியே கட்டிச் சீட்டு ஒட்டிய பருப்புக்கும் 5 சதவீத வரி வந்தது. கண்ணெதிரே நிறுத்துக் கொடுக்கும் பருப்புக்கு வரி இல்லை. எனவே பொட்டலத்தை நிறுத்திவிட்டுப் பழையபடி தட்டில் மாதிரி வைத்து, கையில் அள்ளிப் பார்க்கச் சொல்லி, நிறுத்துக் கொடுக்கத் தொடங்கினோம். தாத்தா செய்ததைத் திரும்பச் செய்தோம், அவ்வளவே. ஆனால் பொட்டலத்தை நம்பாத பெண்கள் இதற்காகவே வருகிறார்கள். வருமானத்தைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும்: பெங்களூரில் வாங்கிய சம்பளத்தில் பாதிகூட அவனுக்கு இன்னும் நிற்கவில்லை. ஓய்வூதியம் இல்லாவிட்டால் நான் இதைத் தொடங்கியிருக்க மாட்டேன்.

தெருவில் ஏற்பட்ட மாற்றம்தான் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. நாங்கள் வந்தபோது எங்கள் வரிசையில் ஏழு மாடிகளில் இரண்டில் மட்டும் இரவில் விளக்கு எரிந்தது. இப்போது ஐந்தில் எரிகிறது. ஒன்றில் கல்லூரி மாணவிகள் நால்வர் வாடகைக்கு இருக்கிறார்கள். முனையில் இருக்கும் தேநீர்க் கடை பத்து மணி வரை திறந்திருக்கிறது. ஆறு கடைக்காரர்கள் சேர்ந்து மாதம் 500 ரூபாய் போடுகிறோம். இரவுக் காவலுக்கும் குப்பை அள்ளவும் கழிப்பறையைக் கழுவவும் அது போகிறது. முதல் மாதம் கணக்கு எழுத உட்கார்ந்தபோது கயிற்றுக்கடை பாய், "டீச்சரம்மா, அந்தக் காலத்து மகமையில எங்களுக்கு இடமில்ல, இதுல எம்பேரை மொத வரியில எழுதுங்க" என்றார். அவர் பெயர்தான் முதல் வரியில் இருக்கிறது.

பழைய வீதியை மீட்க வளைவு கட்டுவது, ஒரே வண்ணம் அடிப்பது, கல் பாவுவது ஆகியவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018இல் மலேசியாவில் உள்ள பினாங்கு போயிருந்தேன். அதன் தலைநகரான ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தமிழ் வியாபாரிகளின் தெருக்களும் அதற்குள் இருக்கின்றன. முகப்புகள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனால் 2000ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் மாடிகளில் தலைமுறையாக இருந்தவர்கள் பெருமளவில் வெளியேறிவிட்டார்கள் என்று அங்கே ஒரு கடைக்காரர் வருத்தத்தோடு சொன்னார். மாலையில் பயணிகள் விடுதிக்குத் திரும்பியபின் சில சந்துகள் எங்கள் தெருவைப் போலவே இருந்தன.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பருப்பு ஆலையோ மொத்தக் கிட்டங்கியோ வைப்பதானால் புறவழிச் சாலைக்குப் போங்கள். லாரி திரும்ப அங்கேதான் இடம் இருக்கிறது, அந்தத் தொழில் இனிப் பழைய தெருவுக்குத் திரும்பாது. சில்லறைக் கடை என்றால் அவசரப்பட்டு விற்க வேண்டாம். திருவிழாவிலும் தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் பார்த்து ஏமாறாமல், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, எத்தனை மாடிகளில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். மூன்றோ நான்கோ எரிந்தால், அந்த வீட்டுக்காரர்களோடு பேசுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால், நீங்கள் மட்டும் கடை திறந்து அந்த வீதியைத் தூக்கி நிறுத்த முடியும் என்று நான் பொய் நம்பிக்கை தர மாட்டேன், விற்பதே நல்லது.

எங்கள் ஐந்து வருடக் கெடு 2026இல் முடிகிறது. தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் பத்திரம் எழுதுவதற்கு முன் மாடிப்படி யார் பங்கில் போகிறது என்று பாருங்கள். அக்காவோ தங்கையோ இருந்தால், கையெழுத்துக் கேட்பதற்கு முன்பே அவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.